சிமெண்ட் பேதுரு மூழ்கிய இடம்

எங்கள் குப்பத்தில், கரையில் என்னோடு பேசுகிறவர்கள் குறைவு. தண்ணீருக்கு அடியில் யாரும் யாரோடும் பேச முடியாது என்பதால் அங்கே அந்தக் குறை தெரிவதில்லை. நான் தினமும் கடலில் இறங்குவதற்கு இதைவிடக் கௌரவமான காரணம் கிடையாது. இயற்கையின் மீது காதல், ஆழத்தின் அழைப்பு என்றெல்லாம் சொல்லிக்கொள்கிறவர்கள் வெதுவெதுப்பான கடலில் குளிக்கிறவர்கள். எங்கள் கடல் தென்துருவத்துப் பக்கமிருந்து வருகிறது. முகத்தை உள்ளே வைத்தவுடன் இரண்டு புருவத்துக்கும் நடுவே ஆணி வைத்து யாரோ நிதானமாக அடிப்பார்கள். நெற்றி மரத்துப்போகும்வரை மூச்சுவிடும் குழாயைக் கடித்துக்கொண்டு குப்புற மிதக்க வேண்டும். பிறகுதான் கண் திறக்கும், பாசிக்காடு தெரியும். ஆளைவிட உயரமான பழுப்புத் தண்டுகள் அலைக்கு அலை ஒரே பக்கம் சாயும், கட்சிக் கூட்டத்தில் தீர்மானத்துக்குக் கைதூக்குகிறவர்களைப் போல.

அங்கே எனக்குப் பிடித்தது பெஹேசாப்போ என்ற மீன். பாறையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, தேர்தலில் தோற்றவன் முகத்தோடு உட்கார்ந்திருக்கும். ஓடாது. கேமராவை மூக்கருகே கொண்டுபோனாலும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் த்ரெஸ் லோபோஸ் குப்பத்தில் என்னை அவ்வளவு நேரம் பார்த்தவர்கள் இல்லை.

நான் கடலே இல்லாத தால்கா ஊர்க்காரன். காப்பீட்டு நிறுவனமொன்றில் மற்றவர்களுடைய தீ விபத்துகளை மதிப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடற்கரையில் நிம்மதியாக இருக்கலாம் என்று மனைவியோடு இங்கே வந்தேன். மூன்றாவது குளிர்காலத்தில் அவள் அக்காவின் அறுவை சிகிச்சைக்காகத் தால்காவுக்குப் போனாள். அக்கா நன்றாகத் தேறிவிட்டாள். மனைவி திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எட்டு ஆண்டு. இன்னமும் எல்லோருக்கும் நான் 'தால்காக்காரர்'தான். அன்செல்மோ என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது தபால்காரருக்குத் தெரியும்.

ஜூன் கடைசியில் புனித பேதுரு திருநாள். குப்பத்தின் ஒவ்வொரு குடும்பமும் தன் படகைக் காகிதப் பூவால் அலங்கரித்து, கோட்டுப் போட்டுக்கொண்டு ஏறும். முதல் படகில் பேதுரு சிலை. வளைகுடாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவரைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அவர் கோயில் படியைத் தாண்டி வெளியே வந்ததிலிருந்து திரும்ப உள்ளே போகும்வரை குப்பத்தார் ஒருவரும் கடலில் இறங்கக் கூடாது. படகில் போகலாம். வலை போடக் கூடாது, கால் நனைக்கக் கூடாது, முக்கியமாக முங்கவே கூடாது. முங்கினால் கடல் அவனை வைத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. இங்கே ஆண்களில் பாதிப்பேர் காற்றுக்குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு முங்கி லோக்கோ சிப்பி எடுப்பவர்கள். அவர்கள் யாரும் இதில் விளையாடுவதில்லை.

வந்த புதிதில் நானும் மரியாதைக்காக அன்று இறங்காமல் பாறையில் நின்றேன். முங்குகிறவர்களில் மூத்தவன் ராதொமீரோ பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"யோவ் தால்கா, நீ ஏன்யா காஞ்சு போய் நிக்கிற?"

"இன்னிக்கு இறங்கக் கூடாதுன்னாங்க."

"அது எங்களுக்கு. உனக்கு என்ன வந்துச்சு? நீ என்ன இந்த ஊர்க்காரனா?"

அன்றிலிருந்து எல்லாத் திருநாளும் நான் தண்ணீரில்தான். தலைக்கு மேலே மேளம் போகும், படகுகளின் வயிறுகள் போகும். அதில் ஏதாவது ஒன்றில் எனக்கும் உட்கார ஒரு பலகை இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆண்டுதோறும் நினைப்பேன். கேட்டதில்லை. கேட்டால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். நகர்ந்து கொடுக்கும் இடம் எனக்கு வேண்டாம். கூப்பிட வேண்டும். ஐம்பத்தாறு வயதில் மனிதனுக்கு இருக்கக்கூடிய ஆசைகளில் இது சற்று அசிங்கமானதுதான்.

இந்த ஆண்டு கூப்பிட்டார்கள். கூப்பிட்டது மேயர் சிக்ஃப்ரிதோ லெமூஸ். அவர் புதிதாக ஒரு பேதுரு செய்திருந்தார். பழைய மரப் பேதுரு முழங்கால் உயரம், மூக்கு தேய்ந்தவர். புதியவர் சிமெண்ட். பீடத்தில் 'பேதுரு' என்பது ஒரு வரியிலும், 'மேயர் சிக்ஃப்ரிதோ லெமூஸ் அவர்களின் பொற்கால நிர்வாகத்தில்' என்பது மூன்று வரியிலும் பொறிக்கப்பட்டிருந்தது.

"நீங்க தண்ணிக்கு அடியிலேர்ந்து படம் எடுக்கணும் சார். கீழ நீங்க, மேல படகு, படகு விளிம்புல பேதுரு, பக்கத்துல நான், பின்னால வானம். சுற்றுலா எங்கேயோ போயிடும்!"

"படகுலேர்ந்து கூட எடுக்கலாமே."

"படகுலேர்ந்து எவன் வேணாலும் எடுப்பான் சார்."

ஆக, ஊர்வலத்தில் எனக்கு இடம் கிடைத்தது. எல்லோருக்கும் கீழே.

அன்று கடல் கலங்கலாக இருந்தது. தண்ணீருக்குள் மல்லாந்து மிதந்தபடி முதல் படகின் அடிப்பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று படகின் வயிறு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேயர் உரையாற்ற எழுந்து நிற்கிறார் என்று புரிந்துகொண்டேன். அடுத்த நொடி, வெள்ளைக் குமிழிகளின் நடுவே, கையில் சாவியோடு, ஆசீர்வதித்தபடியே பேதுரு என்னைக் கடந்து கீழே போனார். பாசிக்காடு விலகி வழிவிட்டது, பிறகு மூடிக்கொண்டது. மணல் புகையாக எழும்பியது. ஒன்றும் தெரியவில்லை.

மேலே வந்தேன். எல்லாப் படகுகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

"பாத்தீங்களா? எங்க போனாரு?" என்றார் மீனவர் சங்கத் தலைவர் நொல்பெர்த்தோ.

"கீழே."

"அது எங்களுக்குத் தெரியாதா!" என்று கத்தினான் ராதொமீரோ.

"பழையவரு மூணு தடவ விழுந்தாரு, மூணு தடவையும் மிதந்தாரு," என்றாள் நொல்பெர்த்தோவின் மனைவி க்ளோரிந்தா. "மரமா இருந்தா இந்நேரம் தானே நீந்திக் கோயிலுக்குப் போயிருப்பாரு. சிமெண்டுல செஞ்சா?"

"வேதத்திலேயே பேதுரு தண்ணி மேல நடக்கப் போய் மூழ்கினவர்தானே, அம்மா," என்றார் மேயர். பாதிரியார் அம்ப்ரோசியோ அவரைப் பார்த்த பார்வையில் ஒரு தவக்காலமே இருந்தது.

பிறகுதான் விஷயம் அவர்களுக்கு உறைத்தது. அந்தக் கரையிலேயே சிறந்த முங்குகாரர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள், இஸ்திரி போட்ட சட்டையோடு. பேதுரு கோயிலுக்குத் திரும்பாமல் ஒருவரும் இறங்க முடியாது. ஒருவரும் இறங்காமல் பேதுரு கோயிலுக்குத் திரும்ப முடியாது.

"கொக்கி போட்டு இழுப்போமா?"

"சிமெண்டுப்பா. தலை மட்டும்தான் வரும்."

"பக்கத்துக் குப்பத்துல ஆளு கேட்டா?"

"அவனுங்க எடுத்தா அவனுங்க கோயில்லதான் வைப்பானுங்க. அதுக்கு இவரு இங்கேயே கிடக்கட்டும்."

அப்புறம் நொல்பெர்த்தோ தொப்பியைக் கழற்றினார்.

"தோன் அன்செல்மோ," என்றார். 'தோன்' என்பது இங்கே பெரிய மனிதர்களுக்குப் போடும் மரியாதை.

அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு கடற்சிங்கம்தான் இருந்தது.

அன்று உதடு நீலமாகும்வரை தேடினேன். கிடைக்கவில்லை. ஏற நான்கு கைகள் நீண்டன. படகில் எனக்குக் கம்பளி போர்த்தினார்கள். நேராக நொல்பெர்த்தோ வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பை ஒட்டிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அது அவருடைய நாற்காலி. அவர் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கைய குடுங்க பாப்போம்," என்றாள் க்ளோரிந்தா. "ஐயோ, ஐஸ் பெட்டியில வெச்ச மீனாட்டம் இருக்கே! குடிங்க, சூடா இருக்கும்போதே குடிங்க." கொங்ரியோ மீன் சூப். நான் தனியாகச் செய்யும்போது அது மீனும் தண்ணீருமாக இருக்கும். அங்கே அது சாப்பாடாக இருந்தது.

ராதொமீரோ என் கேமராவை எடுத்துப் பார்த்தான். அதில் இருந்த படங்களை ஒருவன் தானாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இது என்ன, பெஹேசாப்போவா? ஏய் நொல்பெர்த்தோ, இங்க பாரு, உன் மச்சினன்!"

"என் தம்பிய சொன்னா சூப் கிடையாது," என்றாள் க்ளோரிந்தா. ஆனால் அவளும் எட்டிப் பார்த்தாள், சிரித்தாள். "அவனேதான், கண்ணப் பாரேன்!"

நான் வேண்டியதைவிட அதிகமாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின்னும் அந்தச் சிரிப்பின் வடிவம் கன்னத்தில் மிச்சமிருந்தது.

மறுநாள் வேறொரு படகில் போனேன், வேறொரு வீட்டில் சாப்பிட்டேன். தெருவில் நின்று என்னிடம் குளிர் எப்படி என்று விசாரித்தார்கள். அதே சமயம் மற்ற படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. சிப்பி வாங்க வந்த லாரி காலியாகத் திரும்பியது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. கடலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அன்று வெளிச்சம் போகும் நேரத்தில் தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. பாசித் தண்டுகளின் நடுவே, சாவி பிடித்த ஒரு கை. அதற்குமேல் என் மூச்சு போதவில்லை. "பார்த்துட்டேன், நாளைக்குக் காலையில கயிறு கட்டிடலாம்," என்றேன். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ராதொமீரோ என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தான், முள்தாடியோடு.

காலையில் எல்லாப் படகும் கிளம்பின. மேயரும் வந்தார், இரண்டு நிருபர்களோடும் ஒலிபெருக்கியோடும். பேதுரு மேலே வந்துவிட்டால் எல்லோரும் பேதுருவைத்தான் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே உரையை முன்னாலேயே வைத்துக்கொண்டார். இந்த முறை உட்கார்ந்தபடியே பேசினார். அது ஒன்றுதான் அந்த உரையில் குறிப்பிடத்தக்கது. முடிவில் நகரசபையின் ஏகமனதான தீர்மானத்தைப் படித்தார். அன்செல்மோ வியாக்ரான் என்கிற நான், அந்த நிமிடம் முதல், த்ரெஸ் லோபோஸின் மைந்தன். என் ரப்பர் உடைமேல் ஒரு நாடாவை மாட்டினார். கைதட்டல் எழுந்தது. படகுக்குப் படகு சங்கு ஊதினார்கள். நொல்பெர்த்தோ என்னைக் கட்டிப்பிடித்து, "இனிமே நீ எங்காளுடா, அன்செல்மோ!" என்றார். 'டா' போட்டார். என் கண்ணில் நீர் வந்தது. முகக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படகு விளிம்பில் உட்கார்ந்தேன்.

ஒரு கை என் தோளைப் பிடித்தது. ராதொமீரோ.

"எங்க போற?"

"கயிறு கட்ட."

"நீ இறங்கக் கூடாதே," என்றான் மெதுவாக. "நீ இப்ப ஊர்க்காரனாச்சே."

சங்குகள் ஒவ்வொன்றாக நின்றன.

"அட, அது சும்மா மரியாதைக்குக் குடுக்கறதுய்யா!" என்றார் மேயர்.

"ஏகமனதான தீர்மானம்னு நீங்கதான படிச்சீங்க?" என்றான் ராதொமீரோ.

"படிச்சேன். அதனால?"

"அப்ப ரத்து பண்ணுங்க."

"சபை கூடணும். ஆகஸ்ட்லதான்."

"ஆகஸ்டு வரைக்கும் என்ன திங்கறது, உங்க ஒலிபெருக்கியையா?"

எல்லோரும் பாதிரியாரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். பட்டத்தைக் கொடுப்பவர் திரும்ப வாங்க முடியாவிட்டாலும், பெற்றவர் வேண்டாம் என்று சொல்ல யாதொரு தடையும் இருப்பதாகத் தமக்குத் தெரியவில்லை என்றார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். எல்லாப் படகிலும் எனக்குத் தெரிந்த முகங்கள். இரண்டே நாளில் தெரிந்த முகங்கள். யாராவது ஒருவர், 'வேண்டாம், அவர் இருக்கட்டும், வேறு வழி பார்ப்போம்' என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தாலும் நான் இறங்கியிருப்பேன். ஆனால் சொல்லியிருக்கலாம். க்ளோரிந்தா வாயைத் திறந்தாள். "ரொம்ப நேரம் இருக்காதீங்க, தண்ணி இன்னிக்கு ரொம்பச் சில்லுனு இருக்கு," என்றாள். நேற்றுத்தான் என்னை 'வா, போ' என்று ஒருமையில் பேசத் தொடங்கியிருந்தவள்.

நாடாவைக் கழற்றினேன். ஈர ரப்பரில் அது சுலபமாக வரவில்லை. மேயரிடம் கொடுத்தேன்.

"நான் தால்காக்காரன்," என்றேன்.

நொல்பெர்த்தோ பெருமூச்சு விட்டார். எல்லோரும் விட்டார்கள். அவ்வளவு நிம்மதியான பெருமூச்சை நான் கேட்டதில்லை.

முகத்தை உள்ளே வைத்ததும் ஆணி. பிறகு பச்சை வெளிச்சம், பாசி, அமைதி. நீளமாக மூச்சை இழுத்துக்கொண்டு கீழே போனேன். பேதுரு விழவில்லை, நின்றுகொண்டிருந்தார். பீடம் மணலில் மேயரின் மூன்று வரியும் மறையுமளவுக்குப் புதைந்திருந்தது. சின்ன மீன்கள் அவருடைய தாடியில் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு படம் எடுத்தேன். இடுப்பில் கயிற்றைச் சுற்றி, அக்குளுக்கு அடியில் முடிச்சுப் போட்டு, இரண்டு முறை இழுத்துக் காட்டினேன்.

அவர் அசைந்தார். மணலை உதறிக்கொண்டு என் தலைக்கு மேலே ஏறிப் போனார். வெளிச்சத்துக்குள் போகும்போது நிறைய கைகள் தண்ணீருக்குள் வந்து அவரைப் பிடித்தன. மேலே மேளம் ஆரம்பித்தது. நான் மேலே வருவதற்குள் இயந்திரங்கள் கிளம்பிவிட்டன, படகுகளின் வயிறுகள் ஒரே திசையில் திரும்பின. சாமி காத்திருக்கக் கூடாது. நான் தலை தூக்கியபோது காகிதப் பூக்கள் மிதந்துகொண்டிருந்தன. படகு ஒன்றும் இல்லை.

கரைக்கு நீந்தினேன். கேமரா ஒரு கையில் இருந்ததால் நேரமாயிற்று. நான் கல்லில் ஏறியபோது கோயில் மணி அடித்தது. பேதுரு உள்ளே போய்விட்டார். உடனே தெரு முழுக்க ஆட்கள் ஓடி வந்தார்கள், பாதி ரப்பர் உடையும் பாதி திருநாள் சட்டையுமாக. இழந்த நாட்களைப் பிடிக்கும் வேகம். காற்று இயந்திரங்கள் இருமிக்கொண்டு உயிர்பெற்றன.

என் உடைக்கு ஜிப் முதுகில். இந்த இரண்டு நாளும் யாராவது இழுத்துவிட்டார்கள். விரல்கள் மரத்துப்போய், ஜிப் கைக்கு எட்டாமல், நான் நின்றுகொண்டிருந்தேன். ராதொமீரோ ஓடி வந்து எனக்கு முன்னால் நின்று முதுகைத் திருப்பினான்.

"தால்கா, ஏத்திவிடுய்யா, சீக்கிரம்!"

இரண்டு கையாலும் பிடித்து அவன் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினேன். பிறகு நான் திரும்பி, என் முதுகை அவனுக்குக் காட்டி நின்றேன். பின்னால் தண்ணீரில் அவன் குதிக்கும் சத்தம் கேட்டது.