கம்ப்ரெசர் சுருதி

"நீங்க வாசிக்கிற எடத்துல எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கறது என்னம்மா?"

ரெக்கார்டிங் ஸ்டுடியோவில், மேசை நிறையப் பொத்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அந்த அறையில் என் அண்ணன் இருந்தான். அவனுடைய பேண்டு முழுசாக இருந்தது. பாட்டை வெளியிடப் போவதாகச் சொன்ன கம்பெனிக்காரர் சோபாவில் இருந்தார். அத்தனை பேரையும் விட்டுவிட்டு, மூலையில் கேபிள் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் ஏன் வந்தார் என்றால், மற்றவர்கள் எல்லாரும் "ஒண்ணும் ஓடல சார், அமைதியான எடம்" என்று அடித்துச் சொல்லிவிட்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தச் சத்தம் அவர்களுக்குக் கேட்பதே எப்போதோ நின்றுபோயிருந்தது.

"கம்ப்ரெசர்" என்றேன்.

அவர் காதை என் பக்கமாகக் கொண்டுவந்தார். இரண்டாம் முறை சொன்னபோது எனக்கே கேட்டது.

அப்பா குளிரூட்டிய பழக் கிடங்கு ஒன்றில் கம்ப்ரெசர் ஆபரேட்டர். ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை எல்லாம் பெட்டி பெட்டியாக அங்கே குளிரில் தூங்கும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நானும் அவரோடு அங்கேதான். ஒவ்வொரு அறையின் குளிர் அளவையும் பார்த்துக் கரும்பலகையில் எழுத வேண்டும். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்கு ஒத்துப்போயிற்று. கம்ப்ரெசரை ஒட்டி உதிரி பாகங்கள் போட்டு வைக்கும் அறை ஒன்று உண்டு. அண்ணன் அதைச் சுத்தம் செய்து பேண்டுக்கு வைத்துக்கொண்டான். கம்ப்ரெசர் இரைச்சலில் இவர்கள் இரைச்சல் வெளியே தெரியாது என்பதால் முதலாளியும் கண்டுகொள்ளவில்லை. அப்பா மட்டும் தினமும் ஒரே வசனத்தைச் சொல்வார்:

"ஆப்பிளுக்குக் காது இல்லாமப் போச்சு. இருந்திருந்தா எப்பவோ அழுகியிருக்கும்."

அண்ணன் கிட்டார். டிரம்ஸ் வாசிப்பவனைத் தகரம் என்பார்கள். வாசிக்கும் சத்தத்துக்காக அல்ல, பிழைப்புக்குக் கூரைத் தகரம் அடிப்பவன். பேஸ் கிட்டார் வாசிப்பவனைப் பூனை என்பார்கள். வாயைத் திறக்காமல் இருப்பதில் என்னையும் மிஞ்சியவன். பாடுகிறவன் எங்கள் அத்தை மகன். அண்ணனுக்கு மச்சான். எனக்கு முறைப்படி அத்தான். ஆனால் நான் அவனை எப்படியும் கூப்பிட்டதில்லை. அவன்தான் என்னைக் கூப்பிடுவான்: "ஜட்ஜம்மா."

அதற்குக் காரணம் உண்டு. அந்த அறைக்கும் நான் நிற்கிற நடைக்கும் நடுவே கனத்த பிளாஸ்டிக் பட்டைகள் திரை போலத் தொங்கும். ஒரு பாட்டை வாசித்து முடித்ததும் நாலு பேரும் அந்தப் பட்டைகள் வழியாக என்னைப் பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டினால் அடுத்த பாட்டுக்குப் போகலாம். ஆட்டாவிட்டால் திரும்ப முதலிலிருந்து. யார் வகுத்த சட்டம் என்று தெரியாது. "பாஸா ஃபெயிலா ஜட்ஜம்மா?" என்று அத்தை மகன் கத்துவான். எனக்கு இசை தெரியாது. எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஆரம்பத்தில் ஒன்றுமே ஒட்டவில்லை. அவர்கள் வாசித்ததும் கம்ப்ரெசர் முனகியதும் ஒன்றையொன்று உரசி, சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது. ஒருநாள் அண்ணன் எரிச்சலில் கிட்டார் தந்திகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டே போனான். ஓர் இடத்தில் தந்தியும் கம்ப்ரெசரும் ஒரே குரலாகிவிட்டன. தகரம் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். அன்றிலிருந்து புதுத் தந்தி மாட்டினாலும் சரி, வெளியே மேடைக்குக் கிளம்பினாலும் சரி, அண்ணன் முதலில் அந்த முனகலைக் கேட்டுத்தான் சுருதி சேர்ப்பான். பூனை அண்ணனைப் பார்த்துச் சேர்ப்பான். அத்தை மகனின் தொண்டையும் அங்கேயே குடியேறிவிட்டது. பிறகு எல்லாரும் அதை மறந்துபோனார்கள்.

கிடங்குக் கதவில் பெரிய எழுத்தில் 'கதவைச் சாத்து' என்று எழுதியிருக்கும். அதையே வைத்து அண்ணன் ஒரு பாட்டுப் போட்டான். ஒரு கல்லூரி விழாவில் அதைக் கேட்ட கம்பெனிக்காரர், "நாலு பேரும் வாங்க, இந்தப் பாட்ட ரெக்கார்டு பண்ணலாம்" என்றார். நாலு பேரும் என்றுதான் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அந்தப் பாட்டு அவர்கள் நாலு பேர் கையாலும் வெளியே வர வேண்டும். கிளம்பும்போது என்னையும் இழுத்துக்கொண்டான். "நீ வந்து உக்காரு. தலைய மட்டும் ஆட்டு, போதும்."

ஸ்டுடியோவில் கம்பெனி ஏற்கெனவே கீபோர்டு இசை ஒன்றைத் தயாராக வைத்திருந்தது. அதன் மேல் இவர்கள் வாசிக்க வேண்டும். வாசித்தார்கள். சோற்றில் கல். இன்ஜினியர் ஒரு சின்னக் கருவியைக் கிட்டாரில் மாட்டிப் பார்த்து, "எல்லாத் தந்தியும் மேல நிக்குது தம்பி, எறக்கு" என்றார். அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இறக்கினான். இப்போது அத்தை மகனின் குரல் மட்டும் தனியே மேலே போய் நின்றது. அவனும் இறக்கப் பார்த்தான். இரண்டு வரி தாண்டியதும் குரல் பழைய இடத்துக்கே ஏறிக்கொண்டது. திரும்பத் திரும்ப. கடைசியில் பாட்டில் உயிரே இல்லை. தகரம் தாளம் அடிக்கவில்லை, ஆணி அடித்தான்.

அப்போதுதான் இன்ஜினியர் என்னிடம் வந்தார்.

என் பதிலைக் கேட்டதும் அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "அதானே பாத்தேன்! ரெண்டு சுருதிக் கட்டைக்கும் நடுவுல ஒரு எடத்துல நிக்கறாங்க, ஆனா நாலு பேரும் அதே எடத்துல நிக்கறாங்க. நாலு பேருக்கும் ஒரே மாதிரி காது கெட்டுப் போகாதேன்னு யோசிச்சேன். கம்ப்ரெசர் உங்களுக்குச் சுருதிப் பெட்டியா இருந்திருக்கு. தம்பி, நீ பழையபடியே ஏத்திக்க. நான் கீபோர்ட ஒரு நூல் மேல தூக்கறேன். ஒரு பட்டன். இதுக்குப் போயா இவ்வளவு ரகளை?"

ஏதோ ஒன்றைத் திருகினார். வாசித்தார்கள்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிடங்கில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. தகரம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். பூனையின் உதடு தானாகப் பாட்டைச் சொல்லியது. முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நாலு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அத்தை மகன் மைக்கிலேயே, "ஜட்ஜம்மா பாஸ் போட்டாச்சு!" என்று கத்தினான். இன்ஜினியர் திரும்பிக் கம்பெனிக்காரரைப் பார்த்தார்.

கம்பெனிக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "ம்ம். நல்லாருக்கு. பாடுற தம்பி மட்டும் உள்ள வாங்க, கொஞ்சம் பேசணும்."

நாங்கள் வராந்தாவில் நின்றோம். அங்கே கிட்டார் பெட்டிகளோடு மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ரெக்கார்டிங்குக்கு வந்தவர்கள் என்று நினைத்தேன். அவர்களில் வயசான ஒருவர் அண்ணனிடம் வந்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

"தம்பி, வெளிய கேட்டுட்டிருந்தேன். அந்த ரெண்டாவது பாகத்துல விரல எங்க வைக்கற? கொஞ்சம் காட்டேன்."

"ஏன் சார்?"

"நான்தான வாசிக்கணும், அதுக்குத்தான். காலையிலயே வரச் சொல்லிட்டாங்க." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு எங்கள் முகம் தெரிந்தது. "ஒங்ககிட்ட சொல்லலையா?"

எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. காலையிலேயே. சுருதி, கட்டை, தந்தி என்று நாங்கள் உயிரை விட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் இவர்கள் வெளியே டீ குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நாங்கள் பிசகாமல் வாசித்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அதைவிட ஆத்திரம், அண்ணன் அவருக்குக் காட்டினான். கிட்டாரை எடுத்து, விரலை வைத்து, மெதுவாக, அவருக்குப் புரியும்வரை காட்டினான். "இப்படியா?" "இல்ல சார், சுண்டுவிரல் கொஞ்சம் கீழ." தகரம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கண்ணாடிக் கதவு வழியாக, அத்தை மகன் குனிந்து கையெழுத்துப் போடுவது தெரிந்தது.

வெளியே வந்தவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கம்பெனிக்காரர் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு எங்களிடம் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க தம்பிகளா. போஸ்டர்ல நாலு மூஞ்சி நிக்காது. ஒண்ணுதான் நிக்கும்."

"சுருதி சரியாயிடுச்சே சார்" என்றான் அண்ணன். இன்னும் அதிலேயே நின்றுகொண்டிருந்தான், பாவம்.

"சுருதியெல்லாம் மெஷின் பாத்துக்கும்."

"இவனும் மேலதான் பாடினான்" என்றான் தகரம்.

"அதையும் மெஷின் இழுத்து வச்சிரும். நீங்க சும்மா கவலப்படாதீங்க."

அவர் போனதும் அத்தை மகன் வாயைத் திறந்தான். "மச்சான், மொதல்ல ஒண்ணு வெளிய வரட்டும்டா. நான் உள்ள போயிட்டா ஒவ்வொருத்தரா இழுத்துக்கறேன்."

"நாங்க என்ன கெணத்துலயா கெடக்கோம், இழுக்கறதுக்கு?" என்றான் தகரம்.

"அப்ப நான் என்ன பண்ணணும்ங்கற? நாலு பேரும் சேந்து ஆப்பிளுக்கே பாடிட்டிருக்கணுமா?"

அவன் கேட்டதில் நியாயமும் இருந்தது. அதுதான் அவன்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாமல் என்னைப் படுத்துகிறது. வீடு வரும்வரை கேபிள் பை என் மடியில்தான் இருந்தது. அண்ணன் வாங்கிக்கொள்ளவே இல்லை.

பாட்டு வெளியே வந்தது. பேருந்தில், செல்போன் கடையில், சலூனில் எங்கும் அதுதான். 'கதவைச் சாத்து' போய்க் 'கண்ணைச் சாத்து' ஆகியிருந்தது. கதவு காதலுக்கு ஒத்துவரவில்லையாம். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "கதவச் சாத்தாம விட்டா கரண்டு பில்லு அந்தக் கம்பெனியா கட்டும்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை என்றதும் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோனார். இரண்டாவது பாகத்தில் கிட்டார் வரும் இடத்தில் சுண்டுவிரல் சரியாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் எல்லாம் ஒரு நூல் கீழே. பழக்கப்படாத வீட்டுப் படி போல, ஒவ்வொரு முறையும் என் கால் இடறியது. அத்தை மட்டும் அம்மாவுக்குப் போன் செய்து, மகன் படம் பத்திரிகையில் வந்ததைச் சொல்லி அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அண்ணன் கிட்டாரைத் தொடுவதை நிறுத்தவில்லை. தகரமும் பூனையும் வருவதை நிறுத்தவில்லை. பாட ஆள் இல்லாமல் வாசித்தார்கள். புது ஆள் ஒருவனைக் கூட்டிவந்து பார்த்தார்கள், அவன் ஒருநாள் முழுக்க, "என்னங்க இந்தச் சத்தத்த நிறுத்த முடியாதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

பிறகு ஒரு மதியம் அத்தை மகன் வந்தான். புதுச் சட்டை, புதுச் செருப்பு. கிடங்கின் ஈரத் தரையில் செருப்பு நனையாமல் எட்டி எட்டி வைத்து வந்தான். பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கி உள்ளே போனான். அவனுடைய ரெண்டாவது பாட்டு ஓடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம்.

"ஒக்காரு" என்றான் அண்ணன்.

"நிக்கறேன்."

"சட்டை கசங்கிரும்ல" என்றான் தகரம். சொன்ன பிறகு அவனே குச்சியை எடுத்துக்கொண்டு டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

"நாலு பேரும் ஒரு தடவ வாசிக்கலாமா மச்சான்?" அத்தை மகன் அண்ணனைக் கேட்டான். "நம்ம பாட்டு. கதவு வர்ற பாட்டு."

அண்ணன் கம்ப்ரெசரை நோக்கித் தலையைச் சாய்த்து, தந்திகளைச் சேர்த்தான். அவ்வளவு நேரமும் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் ஓர் ஆசை வந்துவிட்டிருந்தது. பார்க்கவே பொறுக்கவில்லை.

ஆரம்பித்தார்கள். குரல் வந்தது. ஒரு நூல் கீழே வந்தது.

அண்ணன் நிறுத்தினான். "மறுபடி" என்றான். திட்டவில்லை. மறுபடி ஆரம்பித்தார்கள். அத்தை மகன் மேலே ஏறப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த வரியில் குரல் சறுக்கி, மெஷின் அவனை இழுத்து வைத்த இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடினான். கண்ணை மூடிக்கொண்டு பாடினான். "கம்ப்ரெசரக் கேளுடா" என்றான் தகரம். "கேக்குதுடா, கேக்கத்தான் செய்யுது" என்றான் அவன். முன்பெல்லாம் அவனுக்கு அது கேட்டதே இல்லை.

கடைசியாக ஒருமுறை முழுப் பாட்டையும் நிறுத்தாமல் பாடினார்கள். முடிந்ததும் நாலு பேரும் பட்டைகள் வழியாக என்னைப் பார்த்தார்கள். அத்தை மகன் 'ஜட்ஜம்மா' என்று சொல்லவில்லை. என் கையில் சாக்பீஸ் இருந்தது. பூனைகூட, ஆட்டிவிடேன் என்பதுபோல் லேசாகத் தன் தலையை அசைத்தான்.

கோபத்தினால் இல்லை. ஒட்டவில்லை, அவ்வளவுதான். என் தலை இருந்த இடத்திலேயே இருந்தது.

அத்தை மகன் பட்டைகளை விலக்கிக்கொண்டு, என்னைத் தாண்டி, செருப்பு நனைவதைப் பார்க்காமல் நடந்தான். பழக்க தோஷம், வெளியே போனதும் கதவை மட்டும் இழுத்துச் சாத்தினான்.