கறையான் தொடாத கட்டில்

அந்த மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தச்சருக்கு வாய் ஓயாது. தண்ணீரில் போட்டால் கல் மாதிரி முழுகும். துளை போடாமல் ஆணி இறங்காது. அடித்தால் ஆணிதான் வளையும். துறைமுகத்தில் கடலுக்குள் ஊன்றும் தூண், பாலத்துக்குப் பலகை, படகுக்கு அடிக்கட்டை என்று அதைத்தான் தேடி வருவார்கள். பட்டறைக்கு வருகிறவர்களிடம் வைரம் பாய்ந்த சிவப்பு நடுப்பகுதியைத் தட்டிக் காட்டுவார். கடைசியில் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "கறையான் வாய் வச்சா செத்துடும்ங்க."

தன் கல்யாணத்துக்கு அந்த மரத்திலேயே கட்டில் செய்து, பாலிஷ் போட்டார். நான்கு பேர் சேர்ந்துதான் அறைக்குள் தூக்கி வைக்க முடிந்தது. அதைப் பார்த்ததுமே மனைவி கேட்டாள்.

"கறையானே பயப்படுற கட்டில்ல என்னைப் படுக்கச் சொல்றீங்களே, நியாயமா?"

"நாம போனப்புறமும் இது இருக்கும், தெரியுமா?"

"வந்த அன்னிக்கே போற பேச்சா? முதல்ல உட்காருங்க" என்று பக்கத்தில் தட்டிக் காட்டினாள்.

அவளுடைய அண்ணன் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவான். பொழுதுக்கும் பேச்சு. தச்சர் வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்ற விடமாட்டாள். பக்கத்தில் உட்கார வைத்து, அவர் தலைமுடியில் ஒட்டிய சிவப்புத் தூளை விரலால் தட்டிவிட்டுக்கொண்டே அன்றைய கதை முழுவதையும் ஒப்பிப்பாள்.

இரண்டாவது வருஷம் ரேடியோ கரகரத்தது. முதலில் இருமல், அப்புறம் இழுப்பு. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. தூசி ஆகாது என்றார் டாக்டர். தலையணைகளை மாற்றினார்கள். திரைச்சீலைகளைக் கழற்றினார்கள். பூனையைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் விட்டார்கள்; அது மறுநாளே திரும்பி வந்து, வாடகை பாக்கி கேட்பவன் மாதிரி வாசலில் உட்கார்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் முடியவில்லை.

கடைசியில் அண்ணன் வந்து அழைத்துப் போனான். அங்கே போன கொஞ்ச நாளிலேயே இழுப்பு நின்றுவிட்டது.

"மாப்ளே, ரேடியோ சரியாயிடுச்சு" என்றான் அண்ணன் போனில். "எங்க காதுதான் போச்சு. வந்து கூட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

தச்சர் யோசித்தார். அங்கே நன்றாக இருக்கிறாள், இங்கே இழுக்கிறது. அந்த வீட்டில் இல்லாதது இங்கே என்ன? கட்டில். மரத்தைக் குறை சொல்ல முடியாது. அப்படியானால் பாலிஷ்! அந்த நெடிதான் அவளுக்கு ஆகவில்லை.

அவள் வருவதற்கு முந்தின நாள் பட்டறைக்குப் போகவில்லை. வெளியே மழை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கால்மாட்டிலிருந்து தலைமாடு வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பாலிஷ் போய் வெறும் சிவப்பு மரம் வெளியே தெரிந்தது. அறையெல்லாம் மாவு மாதிரித் தூள் பறந்தது. அவருக்கு அது பழகிய வாசனை. பெருக்கினார், ஈரத்துணியால் துடைத்தார், புது விரிப்புப் போட்டார். இத்தனை சந்தோஷமாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை.

மறுநாள் மதியம் அண்ணனே கொண்டுவந்து விட்டான். அவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "அட, கட்டில் புதுசாப் பொறந்திருக்கு! எனக்காகவா?"

"வேற யாருக்கு?"

மல்லாந்து படுத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பாய்ந்தது. தச்சர் அவளை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தபின் மூச்சு ஒரு வழிக்கு வந்தது. அவர் உள்ளே போய்க் கையைப் பிடித்தார், இழுப்பு ஏறியது. நர்ஸ் வெளியே அனுப்பினாள், இறங்கியது. குழாயடியில் தலையைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு போனார். குனிந்து நெற்றியைத் தொட்டதும் மறுபடி இருமல்.

டாக்டர் அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். நக இடுக்கெல்லாம் சிவப்பு.

"இது என்ன?"

"மரத்தூள் சார். நேத்துகூட வீட்ல கட்டிலத் தேய்ச்சேன். அந்தப் பாலிஷ் அவளுக்கு ஆகல, அதான்..."

"பாலிஷ் அந்த மரத்தை மூடித்தான் வச்சிருந்தது. ஆகாதது இந்தத் தூள். தினம் உங்க மேலதான் ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கு. இன்னொரு தடவை இப்படி இழுப்பு வந்தா தாங்கமாட்டாங்க."

தச்சர் சுவரில் சாய்ந்தார். கறையான் வாய் வச்சா. எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்ன பேச்சு!

அண்ணன் உள்ளேயிருந்து வந்தான். "ஏன் மாப்ளே இங்கயே நிக்கிறீங்க? உங்களத்தான் தேடுறா."

தச்சர் டாக்டர் சொன்னதைச் சொன்னார். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"அவளுக்குத் தெரியும் மாப்ளே. எங்க வீட்டுக்கு வந்தப்போ உங்க சட்டை ஒண்ணை ஒளிச்சு எடுத்துட்டு வந்திருந்தா. அதை எடுத்து முகத்துல வச்சதும் இழுத்துச்சு. அவர்கிட்ட சொல்லிடாதண்ணா, சொன்னா பக்கத்துலயே வரமாட்டாருன்னா. நானும் பைத்தியக்காரன் மாதிரி சரின்னுட்டேன்."

கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியே தச்சர் பார்த்தார். அவள் பார்த்துவிட்டாள். பேச வரவில்லை, படுக்கையின் ஓரத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். உட்காருங்க.

தச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். அவள் மறுபடி தட்டினாள்.