நாலு பேருக்கு ஒரே வைரஸ்

ஆய்வக இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் மைக்காசுரர். ஒலிபெருக்கி கைக்கு வந்துவிட்டால் மனிதர் லேசில் திருப்பித் தர மாட்டார். அவர் பேசாத மேடை கிடையாது. படித்த ஆய்வுக் கட்டுரைதான் கிடையாது. மரபணுப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் விஞ்ஞானிக்கு அவர்மேல் இருந்த மரியாதை, அறைக்குள் போகுமுன் கதவைத் தட்டுவதோடு சரி.

எச்.ஐ.வி. தன்னை நகலெடுக்கும்போது தப்பும் தவறுமாகத்தான் எடுக்கும். அதனால் அதன் புரதங்கள் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு மாறிப்போயிருக்கும். அதிலும் மேலே போர்த்திக்கொண்டிருக்கும் உறைப் புரதம் ஒரே ஆளின் உடம்புக்குள்ளேயே பல வேஷம் கட்டும். அந்தந்தப் பகுதிக்கென்று ஒரு வகை பரவியிருக்கும். அந்த ஊரில் அவள் இத்தனை வருஷமாகப் பார்த்து வந்ததும் ஒரே வகையைத்தான்.

அவள் விடுப்பில் இருந்த வாரத்தில், நான்கு நோயாளிகளின் ரத்தத்தில் கடல் கடந்த ஒரு தேசத்து வகை இருப்பதாக முடிவு வந்தது. மைக்காசுரர் அவளுக்கு ஒரு போன்கூடப் போடாமல் நிருபர்களைக் கூட்டிவிட்டார். "புது வகை வைரஸ் நுழைஞ்சிருக்கு. வெளியிலிருந்து பிழைக்க வர்றவங்க வழியா வந்திருக்கலாம்" என்றார். மறுநாள் பத்திரிகையில் அந்த 'லாம்' காணாமல் போயிருந்தது.

திரும்பி வந்தவள் நான்கு முடிவுகளையும் கணினித் திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள். மரபணு வரிசை எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரு சந்தேகத்தில், பரிசோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆய்வகமே வாங்கி வைத்திருக்கும் மாதிரி வைரஸோடு ஒப்பிட்டாள். அதுவும் அச்சாகப் பொருந்தியது. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், நாலு பேர் வைரஸும் அப்படியே ஒண்ணா இருக்கு."

"அதுதாம்மா ஆதாரமே. ஒரே இடத்திலிருந்து வந்திருக்கு."

"ஒரே இடம்தான் சார். நம்ம குளிர்பெட்டி."

அவர் கதவைப் பார்த்தார். "மெதுவா பேசு."

"புருஷன் பொண்டாட்டிக்கே வைரஸ் இவ்வளவு ஒத்துப்போகாது சார். மாதிரி வைரஸ் சிந்தி, ரத்தத்தோட கலந்திருக்கு. இன்னொண்ணு, அந்த நாலு பேரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவங்க. ஆஸ்பத்திரியில கேட்டேன்."

"பேப்பர்ல வந்தாச்சேம்மா. மேலிடத்துல பாராட்டிட்டாங்க. நீ வேணும்னா மறுபடி செஞ்சு பாரு. நிதானமா செய்."

அவர் அகராதியில் நிதானம் என்றால் அவர் ஓய்வு பெறும்வரை என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மாடியில் வாடகைக்கு இருந்த மூன்று வெல்டர்களின் பாய், பெட்டி, அடுப்பு எல்லாம் தெருவில் கிடந்தன. மூவரும் வெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். மூத்தவன் அவளைக் கண்டதும், "எங்க ரத்தத்தை யாரும் எடுக்கவே இல்லையேக்கா" என்றான்.

உள்ளே அண்ணன் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். "உன் ஆபீஸ்ல சொன்னதுதானே? படிச்சவங்க சொன்னா கேக்கணும்னு நீதானே சொல்லுவ."

"அவங்களுக்கு நோய் இருக்குன்னு யார் சொன்னா? இருந்தாலும்தான் என்ன, மாடிப்படி இறங்கி வந்து கடிக்குமா?"

"எதுக்கு வம்பு?"

மாடியை மகனுக்கு ஒழித்துக் கொடுக்க அண்ணன் கொஞ்ச நாளாகவே சாக்குத் தேடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். பத்திரிகையில் ராசிபலனைத் தாண்டாதவர், முதன்முறையாக அறிவியல் செய்தி படித்திருக்கிறார். படித்த லட்சணம் தெருவில் கிடந்தது.

அவள் நிதானமாகச் செய்யவில்லை. நோயாளிகளிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கிப் புதிதாக ரத்தம் எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் தோழியின் ஆய்வகத்தில், மாதிரி வைரஸின் வாடையே படாத அறையில் சோதித்தாள். நான்கு உறைப் புரதங்களும் நான்கு விதமாக இருந்தன. நான்கும் உள்ளூர் வகை.

மாதாந்தரக் கூட்டத்துக்கு நிருபர்களும் வந்திருந்தார்கள். அவள் எழுந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். மைக்காசுரரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அடுத்த கணம் ஒலிபெருக்கி அவர் கையில் இருந்தது.

"பார்த்தீங்களா? தன் தவறைத் தானே கண்டுபிடிக்கிற ஆய்வகம் எங்க ஆய்வகம். அந்த நேர்மையை இங்க நான்தான் வளர்த்திருக்கேன்."

கைதட்டினார்கள். கூச்சமே இல்லாமல், துடைத்துப்போட்ட கல் மாதிரி உட்கார்ந்தார் அவர். திருத்தம் பத்திரிகையின் உள்பக்கத்தில், மெத்தை விளம்பரத்துக்குக் கீழே வந்தது.

அண்ணனிடம் அதைக் காட்டினாள். "சரி, வேணும்னா வரச் சொல்லு. நான் என்ன, மனுஷன் இல்லையா?" என்றார் அவர், பெரிய மனது பண்ணி. அவள் பத்திரிகையை மடித்துக்கொண்டு கிளம்பினாள். பதில் சொன்னால் உறவு மிஞ்சாது.

வெல்டர்கள் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். நடந்ததையும், அண்ணன் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மூத்தவன் முகமூடிக் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டான்.

"வேண்டாம்க்கா. உங்க அண்ணன் மறுபடியும் பேப்பர் படிச்சாலும் படிப்பாரு."

அவள் வற்புறுத்தவில்லை. அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அவன் நகர்த்திப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.