தோளில் ஒரு மஞ்சள் வட்டம்

இது நடந்தது வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு அண்ணியும் அவள் நாத்தனாரும் கோட்டு வாங்கப் போன கதை இது; அண்ணி சொன்னதில் அன்றைக்கு மழை பெய்தது. நாத்தனார் சொன்னதில் வெயில் மண்டையைப் பிளந்தது. கோட்டின் நிறம் கருநீலம் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். இருவரிடமும் கேட்டதைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்; நடுவில் எங்கேயாவது என் சொந்தச் சரக்கும் கலந்திருக்கலாம். சனிக்கிழமை என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள் கடைக்கு விடுமுறை என்பதால்தானே அத்தனை பதற்றமும்.

நாத்தனாருக்கு இரும்புக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் சோதகர் வேலை. இரண்டு குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பாள். மேடு, பள்ளம், ஊசி முனை அளவு ஓட்டை, எது இருந்தாலும் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பெயிண்ட் பேனாவை உருவி அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள். பக்கத்தில் தேதி, அதன் கீழ் கையெழுத்து. வட்டம் விழுந்த குழாய் வாசலைத் தாண்டக் கூடாது. பதினெட்டு வருடமாக இதே வேலை. பட்டறையில் அவளுக்குப் பெயரே மஞ்சள் பேனா என்றாகிவிட்டது.

சோதனைப் பிரிவின் தலைமைப் பதவி காலியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. தற்காலிகமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், மஞ்சள் வட்டத்தின் மேல் கறுப்பு பெயிண்ட் அடித்துக் குழாயை லாரியில் ஏற்றச் சொல்கிற ரகம். அதை இரண்டு முறை நாத்தனார் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். அந்தப் பதவி தனக்குக் கிடைக்காவிட்டால் இனி தான் போடும் வட்டத்துக்கு மதிப்பே கிடையாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் நேர்காணல் என்றாலே அவளுக்கு ராசியில்லை. சில வருடங்களுக்கு முன்பு இதே பதவிக்கு முதல் முறை போனபோது, வேலை அங்கியோடு அப்படியே போய்விட்டாள். உள்ளே இருந்த ஒருவர் தலையைத் தூக்காமலே, "ஏசி அந்த ஓரத்துல இருக்கும்மா, தண்ணி சொட்டுது பாருங்க" என்றார். இரண்டாம் முறை அண்ணியின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். அண்ணி நல்ல அகலம். கேள்விக்குக் கேள்வி தொளதொளத்த கோட்டுக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்ததில், 'தயக்கம் உள்ளவர்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் மூன்று தடவைக்கு மேல் அந்த நேர்காணலுக்குப் போக முடியாது என்பது நிறுவனத்தின் விதி. மூன்றாவது, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு.

"கோட்டு போட்டா வேலை குடுத்துடுவாங்களா?" என்று கேட்டாள்.

"குடுக்க மாட்டாங்க" என்றாள் அண்ணி. "ஆனா பார்க்கிறவங்க கண்ணு உடுப்போட நின்னுடாது. மூஞ்சியப் பார்ப்பாங்க. அதுக்கப்புறம் உன் சாமர்த்தியம். கிளம்பு."

அண்ணி காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. தகராறு பண்ணுகிற வாடிக்கையாளர்களைப் பேசிப் பேசியே கரைக்கிற வேலை. பதினைந்து வருடமாகக் கோட்டும் பேன்ட்டுமாகத்தான் போய்வருகிறாள். அவளுக்குத் தெரிந்த கடை ஒன்று இருந்தது. பெண்களுக்கான கோட்டு மட்டுமே விற்கும் குறுகலான கடை. முன்னால் மூன்று வரிசைக் கோட்டுகள், பின்னால் ஒரு தையல் அறை, நடுவில் ஆளுயரக் கண்ணாடி. கடைக்காரம்மாவுக்கு அண்ணி வயதுதான் இருக்கும். கழுத்தில் இஞ்ச் டேப், மூக்கு நுனியில் கண்ணாடி, உதட்டில் எப்போதும் இரண்டு குண்டூசி.

"தோள் சரியா இருக்கான்னு மட்டும் முதல்ல பாருங்க" என்றாள் கடைக்காரம்மா, குண்டூசிகளுக்கு நடுவே. "இடுப்பப் பிடிச்சுத் தரேன், கைய ஏத்தித் தரேன், பேன்ட்ட இறக்கித் தரேன். தோள மட்டும் தொடமாட்டேன். தோளத் தொட்டா கோட்டோட கதை முடிஞ்சுது."

மஞ்சள் பேனா தலையாட்டினாள். தலையாட்டினாளே தவிர, அவள் கை அதற்குள் முதல் கோட்டின் துணியைக் கசக்கிப் பிடித்துப் பத்து எண்ணிக்கொண்டிருந்தது. விட்டதும் துணி சுருக்கமாகவே நின்றது.

"வேணாம்."

இரண்டாவது கோட்டை உள்ளும் புறமுமாகத் திருப்பிப் போட்டாள். உள்துணி ஓரிடத்தில் இழுத்துக்கொண்டு நின்றது. வேண்டாம். மூன்றாவதில் இரண்டு பக்கமும் கோடுகள் ஒன்றுக்கொன்று சேரவில்லை. வேண்டாம். நான்காவதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகில் கூடாரம் எழும்பியது. "நிக்கும்போது எல்லாக் கோட்டும் அழகுதான்" என்று அண்ணியே ஒத்துக்கொண்டாள். ஐந்தாவதில் பைக்குள் கையை விடப் பார்த்தாள், கை போகவில்லை.

"பை பொய்ங்க இது. ஏமாத்து."

கடைக்காரம்மா சின்னக் கத்தரியால் நாலு நூலை வெட்டினாள். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. "புதுக் கோட்டுல பை தொங்கிடக் கூடாதுன்னு தைச்சு வைக்கிறது. வாங்குனவங்க பிரிச்சுக்கணும்."

"பிரிச்சாத்தானே தெரியும்" என்றாள் இவள், விட்டுக்கொடுக்காமல்.

"தாயே, குழாய்க்கு வந்திருக்கோமா கோட்டுக்கு வந்திருக்கோமா?" அண்ணி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "இவளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையும் இதேதாங்க. எட்டுப் பேர். எட்டுப் பேர்லயும் ஒரு ஓட்டை."

"ஒம்பது அண்ணி."

"ஒம்பது. அந்தக் கடைசி ஆளு தானா ஓடிட்டான், அத நான் சேர்க்கல."

கடைக்காரம்மா சிரித்ததில் ஒரு குண்டூசி கீழே விழுந்தது.

பதினொரு கோட்டு ஆயிற்று. பதினொன்றிலும் ஒரே குறை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அவளுக்குத் தோள் குறுகல். கோட்டுகளின் தோள்கள் எல்லாம் அவள் தோளைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே நின்றன, வேறு யாரோ பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போல. ஒரு அளவு சின்னதை எடுத்தால் மார்பில் பட்டன் போட முடியவில்லை.

பன்னிரண்டாவதுதான் கருநீலம். கசக்கினாள், துணி தானாக நிமிர்ந்துகொண்டது. உள்துணி வழுவழுவென்று விழுந்தது. காலருக்குக் கீழே மடியும் பட்டை மார்போடு படிந்து கிடந்தது. கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். பிறகு தோளைப் பார்த்தாள். அதே ஒரு விரல். போதாக்குறைக்கு, இடது தோளும் கையும் சேரும் தையலை ஒட்டி, தோள் பக்கத்தில் சின்னதாக ஒரு சுருக்கம்.

கோட்டைக் கழற்றி மேஜையில் விரித்தாள். கைபேசி டார்ச்சைப் போட்டுச் சாய்த்துப் பிடித்தாள். குனிந்தாள். ஆமாம், சுருக்கம்தான். இனி நடந்ததற்கு அவள் மூளை பொறுப்பில்லை. பதினெட்டு வருடப் பழக்கம் பொறுப்பு. வலது கை தானாகக் கைப்பைக்குள் போயிற்று. மூடி கழன்ற சத்தம் கேட்டது. தோள் ஓரத்தில், சுருக்கத்தைச் சுற்றி, அழகான மஞ்சள் வட்டம் ஒன்று விழுந்தது. தேதி போடக் கையை நகர்த்தினாள்.

"அடிப்பாவி!"

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

கடைக்காரம்மா கண்ணாடியை மூக்கிலிருந்து கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். வட்டம் அப்படியே இருந்தது.

"தேதி போட்டாச்சா?" என்றாள் கடைசியில்.

"இல்லைங்க."

"போட்டுடுங்க. என்னைக்கு என் உயிர் போச்சுன்னு தெரியணும்ல."

"மன்னிச்சுடுங்க... கை தானா..."

"துடைச்சாப் போகுமா?" என்று அண்ணி கேட்டாள்.

"போகாது" என்றாள் இவள், தரையைப் பார்த்தபடி. "எண்ணெய்க்கும் போகாது, மழைக்கும் போகாது. போகாதுன்னுதான் அத வாங்குறோம்."

அண்ணி தன் வேலைத் திறமையை அவிழ்த்துவிடத் தொடங்கினாள். நல்லெண்ணத்தோடு நடந்த தவறு, இரு தரப்புக்கும் பாதகமில்லாமல், என்று அவள் ஆரம்பிப்பதற்குள் மஞ்சள் பேனா குறுக்கிட்டாள். "நான் வாங்கிக்கிறேன் அண்ணி. நான் போட்ட வட்டம்." சொல்லிவிட்டாள். பிறகுதான் கணக்குப் போட்டாள். கையில் இருக்கப்போவது இந்த ஒரு கோட்டுதான். நாளைக்குக் கடை இல்லை. திங்கட்கிழமை, மஞ்சள் வட்டம் போட்ட தோளோடு, மூன்றாம் தடவையும் கடைசித் தடவையுமாக அந்த அறைக்குள் நுழைய வேண்டும். ஏசிக்கு வந்தவளாகத் தெரிந்ததே தேவலை.

கடைக்காரம்மா கோட்டை வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள். வட்டத்தைப் பார்த்தாள், வட்டத்துக்குள் இருந்ததையும் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"தையல் சுருங்கித்தான் இருக்கு" என்றாள், யாரிடமோ சொல்வது போல. "இருபது தடவை இஸ்திரி போட்டிருக்கேன். என் கண்ணுக்குப் படல."

பிறகு மஞ்சள் பேனாவைத் திருப்பி நிறுத்தி, கோட்டை அவள் முதுகில் வைத்து, தோளைத் தாண்டி நிற்பதை இஞ்ச் டேப்பால் அளந்தாள். வட்டத்தையும் அளந்தாள். இரண்டும் ஒரு விரல் அகலம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உதட்டில் மிச்சமிருந்த ஒற்றைக் குண்டூசியை எடுத்தாள்.

"தோளத் தொடமாட்டேன்னு இன்னைக்குத்தானே சொன்னேன்?"

"காலைல சொன்னீங்க" என்றாள் அண்ணி.

"சரி, சொன்னவளே மாத்திக்கிறேன். உள்ள வாங்க."

தையல் அறையில் இரண்டு பேருக்குத்தான் இடம். அண்ணி வாசலில் நின்றாள். இரண்டு கைகளும் பிரிக்கப்பட்டன. கோட்டு கையில்லாமல், அவமானப்பட்ட மாதிரி மேஜையில் கிடந்தது. கடைக்காரம்மா சாக்கட்டியால் கோடு போட்டு, ஒரு மூச்சு இழுத்து, வெட்டினாள். மஞ்சள் வட்டம் மெல்லிய பிறை வடிவத் துணியாகத் தரையில் விழுந்தது. வலது தோளிலும் அதே அளவு பிறை. இனி திரும்பிப் போக வழியில்லை.

"வெளிச்சம் பத்தல" என்றாள் கடைக்காரம்மா.

மஞ்சள் பேனா டார்ச்சைப் பிடித்தாள்.

"நேரா பிடிங்க."

"நேரா பிடிச்சா எல்லாம் நல்லாத்தான் தெரியும். சாய்ச்சுப் பிடிச்சாத்தான் குறை தெரியும்."

கடைக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். சாய்ந்த வெளிச்சத்திலேயே கையைப் பொருத்தித் தைக்க ஆரம்பித்தாள். இயந்திரம் ஓடும், நிற்கும். ஊசி இறங்கும், ஏறும். பட்டறையில் அவள் எப்போதும் வேலை முடிந்த பிறகுதான் போவாள். தப்பைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள். ஒரு தையல் சரியாக வர எவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று அவள் பார்த்ததில்லை. கை வலித்தது. டார்ச்சை அசைக்கவில்லை.

இரண்டாவது தோள் முடிந்ததும் அவள் பைக்குள்ளிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தாள். வாசலில் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு மில்லி" என்றாள் மெதுவாக. "வலது பக்கம் ரெண்டு மில்லி கூட."

கடைக்காரம்மாவின் முகம் கறுத்தது. ஆனால் டேப்பை எடுத்துத் தானும் அளந்தாள். அளந்துவிட்டு, தைத்ததைப் பிரித்தாள். மறுபடி தைத்தாள்.

கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் வந்தபோது மாலையாகியிருந்தது. தோள் அவள் தோளோடு நின்றது. பின்னால் நின்று எட்டிப் பார்த்த ஆள் போய்விட்டாள். கையைத் தூக்கினாள், உட்கார்ந்தாள், எழுந்தாள், பக்கவாட்டில் திரும்பினாள். மற்ற இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரியா இருக்கு" என்றாள்.

"என்ன சொன்னே?" அண்ணி நெஞ்சில் கை வைத்தாள். "இன்னொரு தடவை சொல்லு. பன்னெண்டு வருஷமா எங்க வீட்டுச் சாப்பாட்டுக்குக்கூட இவ வாயில இந்த வார்த்தை வந்ததில்லீங்க!"

"சாப்பாட்டுல உப்பு கூட அண்ணி."

"உங்க அண்ணன் போடுறது. அவர்கிட்ட வட்டம் போடு."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் உள்ளே போனபோது மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் முகத்தைப் பார்த்தார்கள். உட்காரச் சொன்னார்கள். கைகளை மேஜைமேல் வைத்தாள். இழுத்துவிட ஒன்றும் இல்லாததால் அவை அங்கேயே இருந்தன. நாற்பது நிமிடம் வேலையைப் பற்றியே கேட்டார்கள். கடைசியில், ஓரத்தில் இருந்த பெண் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "வாசல்ல லாரி நிக்குது. நீங்க ஒரு குழாயை வேணாம்னு சொல்லிட்டீங்க. பட்டறைல எல்லாரும் உங்க மேல கோபமா இருக்காங்க. தலைவரா என்ன செய்வீங்க?"

போன இரண்டு தடவையும் கேட்டிருந்தால், 'வட்டம் போட்டது போட்டதுதான்' என்று சொல்லியிருப்பாள். இப்போது அவளுக்கு அந்தத் தையல் அறை நினைவுக்கு வந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"குழாய் போகாது" என்றாள். "பிரிச்சு மறுபடி பத்தவைக்கச் சொல்வேன். அவங்க பத்தவைக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னு நான் டார்ச் பிடிப்பேன்."

பெண் அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.

பதவி அவளுக்குத்தான் கிடைத்தது. ஒன்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றாள். கறுப்பு பெயிண்ட் அடித்தவர் வேறு நிறுவனத்துக்குப் போனார். அங்கே என்ன நிறத்தில் அடித்தார் என்பது தெரியாது. கடைக்காரம்மா இன்னும் கடை நடத்துகிறாள், தோளைத் தொடமாட்டேன் என்று இன்னும் சொல்கிறாள். கருநீலக் கோட்டு ஆறாம் வருடம் முழங்கையில் தேய்ந்தது. அதே கடையில் சாம்பல் நிறத்தில் இன்னொன்று வாங்கினாள். அண்ணி போன வருடம் கிளை மேலாளராகி ஊர் மாறிப் போனாள், அண்ணனும் கூடவே போனார். அவர் சமையலில் உப்பு குறையவில்லை.