கர்சீப் போட்ட மேசை

மேசை இல்லாததால் என் அலுவலக அறை தினமும் ஒரு முழம் குறைந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இது சகஜம். இஸ்திரிப் பலகையில் லேப்டாப்பை வைத்துச் சமாளித்துவந்தேன்.

மேனேஜர் போன் செய்தார்.

"நாளைக்கு மீட்டிங்ல மேசைக்குப் பின்னாடி ஆள் உக்காந்திருக்கணும். இல்லன்னா வேலை இல்ல."

பழைய மரச்சாமான் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் கமருதீன் பாய் அறுபதுகளின் மேசைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். ஒன்றைத் தாண்டினால் இரண்டு முளைத்தன. கடை நீண்டுகொண்டே போனது. ஒரு மேசைக்குக் கால் குட்டை. இன்னொன்று என்னைக் கண்டதும் இழுப்பறையை மூடிக்கொண்டது.

கடைசியில் ஒரு தேக்கு மேசை. சாய்ந்த, மெலிந்த கால்கள். கூடவே பிரம்பு நாற்காலி. பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

"இது எனக்குத்தான் பாய். டெம்போ பிடிச்சிட்டு வர்றேன்."

"அதுக்குள்ள வேற யாராச்சும் கேட்டா?"

பஸ்ஸில் இடம் பிடித்துப் பழகிய கை. கர்சீப்பை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது நான் போட்ட கர்சீப்."

"ஆமா சார். போட்டா ஆள் வரணும்ல? வந்துட்டேன்."

பாயைப் பார்த்தேன்.

"போட்டவரு எங்க சார் உக்காருவாரு? யாருக்குப் போட்டாரோ அவருதான் உக்காருவாரு."

நியாயமாகத்தான் இருந்தது. மேசையையும் அவரையும் சேர்த்தே டெம்போவில் ஏற்றினோம். பெயர் வைகுந்தராஜன் என்றார்.

மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் அவரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். அறையும் குறைவதை நிறுத்திக்கொண்டது. என் மனைவி சுகந்தி அவருக்குக் காபி கொண்டுவந்தாள். என் டம்ளரில்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மரியாதையாகவே கேட்டேன்.

"நீங்க எங்க இறங்குவீங்க?"

"அம்பத்தெட்டுல. ரிட்டயர்மென்ட்."

"இப்ப என்ன வயசு?"

"ரொம்ப நாளா அம்பத்தேழு."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றேன். அவர் எழுந்தால் வேறு யாரும் முந்திவிடக் கூடாது.

சுகந்தி காலி டம்ளரை எடுக்க வந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வழியில நிக்காதீங்க," என்றாள். "உள்ள தள்ளிப் போங்க. இன்னும் ஆள் ஏறணும்."

நான் உள்ளே தள்ளிப் போனேன்.