தோளில் ஒரு கை

பிணவறை வாசல் டீவியில் மறுபடியும் அந்தப் படம் வந்ததும் அவள் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவள் கல்யாணத்தில் எடுத்த படம். அவளை வெட்டிவிட்டுத் தம்பியை மட்டும் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அவன் தோளில் கிடந்த அவள் கையை மட்டும் வெட்ட முடியவில்லை போலும். மணிக்கட்டிலிருந்து விரல்வரை, இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

"மூணு தடவை உள்ள போனவன்! வெளிய விட்டா கொலை பண்ணாம கொஞ்சவா செய்வான்?" டீவி விவாதத்தில் கட்சிக்காரர் ஒருவர் மேஜையைக் குத்தினார்.

"முதல் தடவை விட்டதே உங்க ஆட்சியிலதான்!" என்றார் எதிரே இருந்தவர்.

"ஆக, ரெண்டு பேரும் சேர்ந்துதான் வளர்த்திருக்கீங்க." பெஞ்சில் இருந்த ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். "ஜாமீன் போட்டவனை முதல்ல உள்ள தள்ளணும்ப்பா."

ஜாமீன் போட்டது அவள்தான். திருந்திட்டேன்க்கா என்று சொல்லியிருந்தான். நேற்று கல்லாவில் கைவைத்து, தடுத்த மருந்துக்கடைக்காரரைக் குத்திவிட்டான். தெருவே திரண்டு அவனை அங்கேயே அடித்துக் கொன்றது. இருவரின் உடலும் இப்போது பிணவறைக் கதவுக்குப் பின்னால்.

"கையெழுத்துப் போட்டு அவனை வாங்குனேன்னா வீட்டுப் பக்கம் வராத," என்று புருஷன் போனில் சொல்லிவிட்டான். "பசங்க ஸ்கூலுக்குப் போக வேணாமா?" யாரும் வாங்காவிட்டால் சாயந்திரம் அநாதைப் பிணம். மடியில் பை, பைக்குள் அவள் தேய்த்து மடித்த அவன் சட்டை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா அழுது ஓய்ந்து அவள் வலது கையைப் பிடித்திருந்தாள். மருந்துக்கடைக்காரரின் மனைவி என்று தெரிந்தபோது, கையை உருவிக்கொள்ள முடியாமல் போய்விட்டது.

"உனக்கு யாரும்மா?"

"தம்பி."

"சின்னப் பையனா?"

"நான்தான் தூக்கி வளர்த்தேன்."

"அய்யோ பாவமே." பிடி இறுகியது. "தைரியமா இரும்மா. இப்போதைக்கு உனக்கு நான், எனக்கு நீ."

கதவு திறந்தது. "அந்தக் கத்திக்காரனுக்கு யாராச்சும் வந்திருக்கீங்களா?" ஊழியர் பெஞ்சை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அவனுக்கு எவன் வருவான்?" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"கடைசியாக் கேக்கறேன். ஆள் இல்லைன்னு எழுதிடவா?"

அவள் வலது கை அந்த அம்மாவிடம் இருந்தது.

முந்தானைக்குள்ளிருந்து இடது கை மேலே எழுந்தது.

அந்த அம்மாவின் பார்வை கைக்குப் போனது. அப்புறம் டீவியில் இருந்த படத்துக்கு. மடியிலிருந்த பை சரிய, சட்டை மடிப்புக் கலையாமல் தரையில் வந்து விழுந்தது.