சகலையின் பச்சை ட்ரெய்லர்

வெல்டருக்குத் துருவைவிடப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது அவருடைய சகலை. துருவாவது தன் வேலையை ஒழுங்காகச் செய்யும்.

அந்த மனிதர் வாடகைக்குக் குதிரை ஏற்றுகிற தன் பழைய ட்ரெய்லரை ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு காலையிலேயே பட்டறைக்கு வந்துவிட்டார். புதுப் பச்சைப் பெயின்ட் கண்ணைக் கூசவைத்தது. கூடவே குதிரையேற்ற டீச்சர், தன் சினைக்குதிரையை அடுத்த தெரு லாயத்திலிருந்து நடத்தி வந்திருந்தார். குட்டி போடுவதற்குக் குதிரையைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் வெல்டர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டாராம்.

சக்கரத்துக்கு மேலே சின்ன ஓட்டை, அதை அடைத்தால் போதும், மற்றதெல்லாம் கெட்டி இரும்பு என்று சகலை அளந்துகொண்டிருந்தார். வெல்டர் சாவிக்கொத்தில் தொங்கிய காந்தத்தைப் பக்கவாட்டில் வைத்தார். இரும்பென்றால் பிடிக்கும், துருப்பிடித்த இடத்தைப் பட்டிப் பசை பூசி மறைத்திருந்தால் விழும். ஒட்டியது. சகலை மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் ஒட்டிய காந்தம் மெல்ல வழுக்கி இறங்கியது. பெயின்டுக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள் வேறு அம்மை போட்டதுபோல் எழும்பியிருந்தன.

சுத்தியலால் ஒரு தட்டு. கையகலப் பட்டி பெயர்ந்து விழுந்தது. அதற்குள் முழுக்க இரும்புத்தூள். போன மாதம் செடிக்கு உரம் என்று புளுகி, இதே பட்டறைத் தரையிலிருந்து சகலை இரண்டு டப்பா அள்ளிக்கொண்டு போன தூள். காந்தத்தை ஏமாற்றப் பட்டியில் குழைத்திருக்கிறார். அதுவே துருப்பிடித்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. திருட்டுத்தனத்தில்கூட ஒரு சுத்தம் இல்லாத ஜென்மம் என்று வெல்டருக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே கிடந்த ரப்பர் விரிப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தரைத் தகட்டிலும் அதே பச்சை, அதே புள்ளிகள். பக்கவாட்டுத் தகடு போனால் மானம்தான் போகும். தரை போனால் ஓடுகிற வண்டியில் குதிரையின் கால் ரோட்டில் தேயும், வயிற்றுக் குட்டியும் போய்விடும்.

சகலை காதோரம் வந்தார். "முக்கால் மணி நேரப் பயணம்தான். நம்ம வீட்டுக்காரிங்க அக்கா தங்கச்சி, அதை மறந்துடாதீங்க. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"உள்ள ஏறி நடுவுல நின்னு ஒரு தடவை குதிங்க. அப்புறம் சொல்றேன்."

சகலைக்கு உடனே முழங்கால் வலி வந்துவிட்டது. டாக்டர் குதிக்கவே கூடாது என்றிருக்கிறாராம். குதிரை மட்டும் குதிக்கவா போகிறது, சும்மாதானே நிற்கும் என்றார்.

"அப்ப நீங்களும் சும்மா நில்லுங்க."

சகலை, குதிரை ஏறுகிற சரிவுப் பலகையில் ஒரு காலை வைத்தார். இன்னொரு காலைத் தூக்கினார். பிறகு இரண்டையும் கீழே பட்டறைத் தரையிலேயே வைத்துக்கொண்டார்.

டீச்சர் அந்தக் கால்களைப் பார்த்தார். குட்டி போட இன்னும் பத்து நாள் இருக்கிறது, வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று வெல்டரிடம் சொல்லிவிட்டு, குதிரையைத் திருப்பி நடத்திக்கொண்டு போனார்.

"சொந்தக்காரன்னுகூடப் பாக்காம என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே," என்றார் சகலை.

வெல்டர் சாக்கட்டியால் தரைத் தகட்டில் வெட்ட வேண்டிய இடத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் எங்க சொன்னேன்? உங்க கால்தான் சொல்லுச்சு."